வெறும் தண்ணீர்

பிப்ரவரி 12, புதன்

எழுந்ததும் முதல் வேலையாக சஹானாவின் படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய் பால்கனியில் உதறினேன். உதிர்ந்தது தூசி இல்லை, அவள் தோல். சலித்த மைதா மாதிரி கொஞ்ச நேரம் வெயிலில் மிதந்துவிட்டுக் கீழ்வீட்டுச் செம்பருத்தி மேல் இறங்கியது. தலையணை உறையில் இரண்டு இடத்தில் ரத்தம். காதுக்குப் பின்னால் சொறிந்திருக்கிறாள். உறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் பல் துலக்கினேன்.

ஆறரைக்கு என் கணவர் குளியலறையில் வாளியை நிரப்பினார். பழுப்பு நிறக் கிருமிநாசினியை மூடியில் அளந்து ஊற்றினார். தண்ணீர் பால் போல வெளுத்தது. நான் துண்டோடு வாசலில் நின்றேன். அவர் பால் பண்ணையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அங்கே கேன் கழுவுகிற ஒழுங்கு இங்கேயும் உண்டு. சஹானா குளித்து வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு அவள் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் களிம்பு தடவினார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது. சொறிந்து சொறிந்து அந்த இடங்களில் தோல் யானைத்தோல் மாதிரி தடித்துவிட்டது.

நான் தடவட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மிஸ்" என்றாள்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவள் படிக்கிற பள்ளியில்தான் நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அங்கே மிஸ், இங்கேயும் மிஸ். யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் நாகப்பட்டினத்திலிருந்து வனஜா அக்கா பேசினார். சஹானாவின் பெரியம்மா, இறந்துபோன அவள் அம்மா சுகந்தியின் அக்கா. "குழந்தைக்கு எப்படி இருக்கு டீச்சர்? சுகந்தி இருந்தப்ப இவ்ளோ இல்ல. உங்களைச் சொல்லல, சும்மா சொல்றேன்" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

நகம் வெட்டிவிட்டேன். இடது கையை மட்டும் கொடுத்தாள்.

பிப்ரவரி 15, சனி

புதிய தோல் மருத்துவரிடம் போனோம். டாக்டர் நஸ்ரின். என் வயதுதான் இருக்கும். வந்ததும் கை கழுவித் துடைத்துக்கொண்டு சஹானாவின் முழங்கையை வெறும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"டாக்டர், கையுறை போட்டுக்கலையா?" என்றார் இவர்.

"எதுக்கு சார்? இது ஒட்டற வியாதி இல்ல. நீங்க போட்டுக்கிறீங்களா?"

"போடுவேன். அவளுக்கு என் கையிலேர்ந்து ஏதாவது தொத்திடக் கூடாதில்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். குளியலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்கு வருடமாக தினமும் கிருமிநாசினி என்று இவர் சொன்னது, நல்ல மதிப்பெண் வாங்கின பையன் சொல்வது போலிருந்தது.

"சார், நம்ம தோல் மேல கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. எல்லாம் கெட்டது இல்ல. சிலது நமக்குக் காவல். ஸ்டாஃப் ஆரியஸ்னு பொன்னிறமா வளர்ற ஒண்ணு உண்டு. அதை மத்ததுங்க பெருக விடாது. பாப்பா மாதிரி அலர்ஜித் தோலுக்குச் சுவரே பலவீனம். தினமும் இதை ஊத்தினா சுவர் இன்னும் காயுது, காவலும் போயிடுது. காலியான இடத்துல அந்தப் பொன்னிறம் முதல்ல வந்து உக்காந்துக்குது. அது உக்காந்தா அரிப்பு. அரிச்சா புண்ணு. புண்ணாச்சுன்னா அதுக்கு இன்னும் வசதி."

இவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"பால் பண்ணை. தரக்கட்டுப்பாடு."

"அட, அப்போ நான் உங்களுக்குப் பாடம் எடுக்கறேனா? காய்ச்சின பாலைத் திறந்து வெச்சா என்ன ஆகும்?"

"கெட்டுப்போகும்."

"காய்ச்சினதுல ஒண்ணும் இல்லையே, ஏன் கெடுது?"

"எது முதல்ல விழுதோ அது வளரும்."

"உறை ஊத்தி வெச்சா?"

இவர் மின்விசிறியைப் பார்த்தார். ஏன் இப்படி ஆரம்பித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கும் மின்விசிறிதான். நான் சொன்னேன்: இவளுடைய அம்மாவுக்குக் காலில் காயம், அது ரத்தத்தில் கலந்து, ஒரு வாரத்தில். அவ்வளவுதான் எனக்கும் தெரியும். சஹானா நாற்காலியின் ரெக்சினைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சுக்குச்சியால் தோலில் மாதிரி எடுத்தார்கள். வண்டியில் வரும்போது இவர் தலையைத் திருப்பிச் சொன்னார்: "தோலும் பாலும் ஒண்ணா? படிச்சவங்க பேசற பேச்சா இது?"

பிப்ரவரி 18, செவ்வாய்

முடிவு வந்தது. அந்தப் பொன்னிறக் கிருமிதான், நிறைய. ஐந்து நாள் மாத்திரை, வீக்கம் குறைய ஒரு களிம்பு, தோல் வறளாமலிருக்கக் குளித்த ஈரம் காயும் முன்பே பூச ஒரு மசகு. வாளியில் வெறும் தண்ணீர்தான் என்று டாக்டர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

இவர் முடிவுத்தாளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா சாரு, கிருமி இருக்குன்னு எழுதியே கொடுத்திருக்காங்க. நாம ஊத்தற அளவு பத்தல."

"டாக்டர் அதைத்தாங்க நிறுத்தச் சொன்னாங்க."

"இருபது வருஷமா கிருமி எண்ணிக்கை பாக்கறவன் நான். எண்ணிக்கை ஏறினா கழுவறதைக் கூட்டுவமா, நிறுத்துவமா?"

இரண்டு மூடி ஊற்றினார். சஹானா தொடையைத் தட்டித் தட்டி நின்றாள். எரிச்சலை அவள் அப்படித்தான் தாங்குவாள். சமையலறைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடுகு தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

இந்த வாரத்திலிருந்து இவருக்கு அதிகாலை ஷிப்ட். குளியல் என் பொறுப்பு. அளவை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஊற்றவில்லை.

வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். பால் பண்ணையில் மூக்குக்குத்தான் சம்பளம் என்று அவரே சொல்வார். அதனால் இரண்டு மூடி அளந்து குளியலறைத் தரையில் விட்டேன்.

சஹானா உள்பாவாடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், அதை ஏன் கீழ ஊத்துறீங்க?"

"தரை சுத்தமாகட்டும்னு."

"அப்போ நானு?"

"நீ சுத்தமாத்தான் இருக்க."

வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள். அடி தெரிந்தது. காலை மெல்ல நனைத்தாள், பிறகு தோளில் ஊற்றிக்கொண்டாள். தொடையைத் தட்டவில்லை. "அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"சொல்லணும்னு தோணினா சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். தரை சொன்னா சொல்லட்டும்."

குளித்து வந்து முழங்கையை என்னிடம் நீட்டினாள். கையுறைப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கை கழுவிக்கொண்டு வெறும் கையால் தடவினேன். தடித்த இடத்தில் விரல் போனபோது அவள் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு, "உங்க கை சூடா இருக்கு மிஸ்" என்றாள். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்வரை தடவிக்கொண்டிருந்தேன். அவ்வளவு மசகு தேவையில்லைதான்.

மார்ச் 3, திங்கள்

ஆண்டு விழா ஒத்திகை. சஹானாவின் வகுப்பு வட்டமாகக் கைகோத்து ஆடுகிறது. இவளைக் காணவில்லை என்று தேடினால் பின்வரிசையில் பச்சை அட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ என்ன வேஷம்?"

"மரம் மிஸ். மரம்னா யாரும் கை பிடிக்க வேண்டாம்ல."

நடன ஆசிரியை தாட்சாயணி என்னை ஓரமாக அழைத்து, "அம்மாக்கள்லாம் ஒரு மாதிரி பேசறாங்க சாரு, ஒட்டிக்கும்னு. நான் என்ன பண்ண?" என்றாள். ஒட்டாது என்றேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரல் எனக்கே வகுப்பெடுப்பது போலிருந்தது. தாட்சாயணி என் கையைப் பார்த்தாள்.

மீதி நேரம் ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்குகளைத் தப்பாகத் திருத்தியிருக்கிறேன். நாளை மறுபடி வாங்கிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

விரிப்பை உதறினேன். ஏதோ கொஞ்சம்தான் விழுந்தது. தலையணை உறையில் ரத்தம் இல்லை. கழுத்தில் சிவப்பு வடிந்து பழுப்பாகியிருக்கிறது. மாத்திரையா, களிம்பா, வெறும் தண்ணீரா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் தண்ணீர்தான் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறது.

ஷிப்ட் முடிந்து வந்தவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"ரெண்டு மூடியாக்கினோம் பாரு, கேட்டுடுச்சு."

சஹானா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவினேன், ஏற்கெனவே கழுவிய பாட்டிலை.

வனஜா அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னார். அடுத்த வாரம் பகல் ஷிப்டுக்கு மாறியதும் மாலையிலும் ஒரு முறை ஊற்றிக் குளிக்க வைத்தால் முற்றிலும் போய்விடும் என்று திட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

காலையும் மாலையும் அவரே குளிக்க வைத்து இன்று ஆறாவது நாள். வெயிலும் ஏறிவிட்டது. கழுத்து வெடித்து நீர் வடிகிறது. கண்ணிமை தடித்து ஒரு கண் பாதிதான் திறக்கிறது. கையில் காலுறை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், சொறியாமல் இருப்பதற்காக. அவளாகவே மாட்டிக்கொண்டாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு. என்ன சாப்பிட வெச்ச? முட்டை கொடுத்தியா?" என்று இவர் கேட்டார்.

இட்லி என்றேன்.

"அப்ப என்னதான் மாறுச்சு?"

என்னால் உட்கார முடியவில்லை. துணி எடுக்கப் போனேன். காயாத துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடி போய்ப் போட்டேன். சஹானா சோபாவிலிருந்து சொன்னாள்: "அப்பா, மிஸ் ஒண்ணும் பண்ணலை." யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

அப்போதுதான் சொன்னேன். அந்த மூன்று வாரமும் வாளியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, மருந்து தரையில் போனது. அவள் தேறியது அந்த மூன்று வாரத்தில்தான்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்: "எனக்குத் தெரியாம என் பிள்ளை மேல சோதனை பண்ணியா?"

"டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சேன்."

"எனக்குத் தெரியாம."



மார்ச் 23, ஞாயிறு

"என் பிள்ளை" என்று அவர் சொன்னது காலையிலிருந்து காதில் நிற்கிறது. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

டாக்டர் நஸ்ரின் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டினார். எனக்குத்தான் முதல் திட்டு. "நீங்க செஞ்சது சரி, செஞ்ச விதம் தப்பு. தரைக்கு எதுக்கும்மா மருந்து? என்னைக் கூப்பிட்டிருந்தா நான் சாரோட சண்டை போட்டிருப்பேன்." பிறகு இவரிடம், "இவங்க தப்பு பண்ணாங்கன்னு வாளி தப்பாயிடுமா சார்? புண்ணு கிளம்பினதுக்கு வெயிலும் காரணம்தான். ஆனா ரெண்டு வேளை மருந்துக் குளியலைத் தாங்கற தோல் இல்ல இது" என்றார்.

இவர் டாக்டரிடம் கேட்டார்: "அந்த நல்ல கிருமியை மட்டும் தனியா வளர்த்துப் பூச முடியாதா? உறை மாதிரி?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. சில நாடுகளில் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம், நல்ல தோலிலிருந்து எடுத்து வளர்த்துக் களிம்பில் கலந்து. சிலருக்குக் கேட்டிருக்கிறது, இன்னும் மருந்தாகக் கைக்கு வரவில்லை. "அதுக்காக வீட்டுல போய்த் தயிரைப் பூசிடாதீங்க சார். உங்களைப் பாத்தா செஞ்சிடுவீங்க போல இருக்கு."

சஹானா சிரித்தாள். கண்ணிமை வீக்கத்தில் அந்தச் சிரிப்பு கோணலாக வந்தது. இவரும் சிரிக்கப் பார்த்தார்.

ஏப்ரல் 9, புதன்

மருந்தை நிறுத்திவிட்டேன் என்று இவர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன். இன்று காலை சஹானாவுக்குத் தலை வாரும்போது கழுத்தில் அந்த வாசனை.

அவர் பால்கனியில் நின்றிருந்தார். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

"அரை மூடிதான் ஊத்தினேன். ஊத்தாம இருக்க முடியல சாரு. வெறும் வாளியைப் பாத்தாலே சுகந்தி கால் ஞாபகம் வருது. முள்ளு குத்தினதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு அன்னிக்கு அவளைக் கிண்டல் பண்ணேன்."

நான் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். கையில் சீப்பு இருந்தது.

"நான் இருக்கற வீட்டுல அவளுக்கு ஆறாது. பரீட்சை முடிஞ்சதும் வனஜாக்கா கூட்டிட்டுப் போகட்டும். அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாம்."

"என்னைக் கேக்க வேண்டாமா?"

"உனக்கும் இதுக்கு மேல எதுக்குக் கஷ்டம்?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வனஜா அக்கா முதல் நாளே வந்துவிட்டார். வந்ததிலிருந்து வீடு கலகலவென்று இருக்கிறது. வேப்பம்பூப் பச்சடிக்கு வெல்லம் போதாது என்று என் கரண்டியை வாங்கி அவரே கிண்டினார். "டீச்சர் வீட்டுப் பச்சடியில கசப்புக்குத்தான் நூத்துக்கு நூறு" என்றார். நான் சிரித்தேன். நல்ல மனுஷிதான். சஹானாவை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு அழுதார். முந்தானையை அவள் கழுத்துக்கும் தன் கைக்கும் நடுவில் கொடுத்துத்தான் அணைத்தார். அதை அவர் தெரிந்து செய்யவில்லை.

"அங்க வந்துடு கண்ணு. கடல்காத்து. பீர்க்கங்கூடு போட்டு நல்லா அழுத்தித் தேச்சுக் குளிப்பாட்டி, மேல வேப்பிலை அரைச்சுப் பத்துப் போட்டா இந்தச் சொறியெல்லாம் ஒரே மாசத்துல உதுந்துடும்."

"தேய்க்கக் கூடாதுக்கா" என்றேன். "தேச்சா கிளம்பிடும். டாக்டர் சொல்லியிருக்காங்க. மசகும் களிம்பும் எப்படின்னு எழுதித் தரேன்."

"எழுதுங்க, எழுதுங்க. நான் ரெண்டு பிள்ளை வளத்தவ டீச்சர்."

அதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. நான் பச்சடியை எல்லோருக்கும் பரிமாறினேன். எனக்கு வைத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

அக்கா, சஹானா இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வருகிற 29, செவ்வாய்க்கிழமை. அதுவரை அக்கா இங்கேதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டு முறை பேசிப் பார்த்தேன். குளியல் முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றேன். "நீ ஸ்கூலுக்குப் போற நேரம் வீட்டுல நான் இருப்பேனே" என்றார். பாட்டிலைத் தூக்கிப் போடுவோம் என்றேன். "கடையில விக்குதே" என்றார். தன்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்தவரிடம் என்ன வாதாடுவது?

ஏப்ரல் 24, வியாழன்

பரீட்சை முடிந்துவிட்டது. சஹானாவின் துணிகளை மடித்தேன். மெல்லிய பருத்தி மட்டும் போதும், மற்றதெல்லாம் அவளுக்கு அரிக்கும். மசகு டப்பா, களிம்பு, மருந்துச் சீட்டின் நகல். அக்காவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதினேன்: தேய்க்கக் கூடாது. துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன் தடவ வேண்டும். கை கழுவிக்கொண்டு, வெறும் கையால். கடைசி வரியை எழுதி அடித்தேன். மறுபடி எழுதினேன். அக்கா இதைச் செய்ய மாட்டார். முந்தானைதான் வரும்.

சஹானா பெட்டி மேல் உட்கார்ந்து மூடி அழுந்துகிறதா என்று பார்த்தாள். இந்த வாரம் குளியலறைக்கு வெளியே நானே காவல் நின்றதால் கழுத்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

"மிஸ், நாகப்பட்டினத்துல நீங்க எந்த கிளாஸ் எடுப்பீங்க?"

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள்: "எனக்கு நாலாங்கிளாஸ். நீங்க அங்கயும் ஆறாங்கிளாஸ்தானா? அப்ப இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமே."

அவளிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை. அல்லது எல்லோரும் சொல்லியும் அவள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நான் போகிறேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதியம். இவர் தூங்குகிறார். அக்காவும் சஹானாவும் கூடத்தில் தாயம் ஆடுகிறார்கள். அக்கா கள்ளாட்டம் ஆடுகிறார், அவள் கண்டுபிடித்துவிட்டு விட்டுக்கொடுக்கிறாள்.

நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்தார், நான் சரி என்றேன். அவரோடு வாழத்தான் வந்தேன். அவர் கெட்டவர் இல்லை என்று இந்த ஒன்றரை வருடத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்றும் எழுதுகிறேன். அவர் தனியாக அந்த வாளியோடு இந்த வீட்டில் என்ன செய்வார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு வழி தெரிந்த பிறகு கிளம்பலாம் என்றால் கிளம்பவே முடியாது. சனி, ஞாயிறு அவர் வரட்டும். வாளி இல்லாத ஊரில் மகளைப் பார்க்கட்டும். கையுறை இல்லாமல் தொடுவதற்கு அவருக்கும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கும்.

தலைமையாசிரியையிடம் நாளைக் காலை விடுப்புக் கடிதம் கொடுப்பேன். ஒரு வருடம், சம்பளம் இல்லாமல். தராவிட்டால் ராஜினாமா. அக்கா வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் அவரே சொன்னார். டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார். காலையில் குழந்தையைக் குளிக்க வைத்துக் களிம்பு தடவுவது என்று சொல்வேன். அக்காவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவர்கள் டிக்கெட் முன்பதிவுப் பெட்டியில். எனக்கு இனி அதில் கிடைக்காது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்கிறேன். தஞ்சாவூரில் இறங்கி அவர்கள் பெட்டிக்குப் போய் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சஹானாவிடமும் சொல்லவில்லை. என் பருத்திப் புடவைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.